மாப்பிள்ளை முறுக்கு

"ஃபெராரி இல்லாத ஃபார்முலா ஒன் ரேஸா? சாம்பார் இல்லாத இட்லி மாதிரி சார் அது!"

ரேஸ் பார்க்கிற நாலு பேர் சேர்ந்தால் ஐந்தாவது நிமிஷம் இந்த வசனம் வந்துவிடும். இட்லிக்குச் சட்னி என்று ஒன்று இருக்கிறதே, மிளகாய்ப்பொடி என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டுப் பாருங்கள். முறைப்பார்கள். போகட்டும். ரசிகர்கள் சொன்னால் தப்பில்லை, பிரியம் அப்படித்தான் பேசும். ஆனால் இந்தப் பந்தயத்தின் வியாபாரத்தை முப்பது நாற்பது வருஷம் தன் கைக்குள் வைத்திருந்த பெர்னி எக்கிள்ஸ்டனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபெராரிதான் எஃப்-1, எஃப்-1தான் ஃபெராரி என்கிற அர்த்தத்தில். எக்கிள்ஸ்டன் ரசிகர் இல்லை சார், பழைய கார் விற்று மேலே வந்தவர். வியாபாரி ஒரு பொருளை உசத்திப் பேசுகிறார் என்றால் பில் யார் தலையிலோ விழப்போகிறது என்று அர்த்தம். அது யார் தலையில் விழுந்தது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பழக்கமில்லாதவர்களுக்கு ரெண்டு வரி. வருஷத்துக்கு இருபது சொச்சம் ஊர்களில் நடக்கிற கார் பந்தயத் தொடர் ஃபார்முலா ஒன். டீமுக்கு ரெண்டு கார். பட்டமும் ரெண்டு, டிரைவருக்கு ஒன்று, டீமுக்கு ஒன்று. இத்தாலியில் மரனெல்லோ என்ற சிறிய ஊரிலிருந்து வரும் ஃபெராரி, 1950-ல் சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து ஒரு சீசன்கூட விடாமல் ஓடும் ஒரே டீம். டீம் பட்டம் 16, டிரைவர் பட்டம் 15. ரெண்டிலும் சாதனை அவர்களுடையதுதான். மான்ஸாவில் அவர்கள் ஜெயித்தால் ஜனங்கள் வேலியைத் தாண்டி டிராக்கில் கடல் மாதிரி இறங்குவதை டி.வி.யில் பார்த்தாலே புல்லரிக்கும். இதையெல்லாம் மறுத்தால் என் வாயில் மண்.

ஆனால் 'அழகு' என்பது வேறு, 'அது இல்லாவிட்டால் செத்துப்போகும்' என்பது வேறு.

முதல் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950 மே 13, இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன். ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து உட்கார்ந்து பார்த்தார். ஆல்ஃபா ரோமியோ கார்கள் முதல் மூன்று இடத்தையும் அள்ளிக்கொண்டு போயின. ஃபெராரி? வரவே இல்லை. கலந்துகொள்ளத் தரும் பணத்தில் பேரம் படியவில்லை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். எட்டு நாள் கழித்து மொனாக்கோவில்தான் தலைகாட்டினார்கள். எஃப்-1 தன் ஆயிரமாவது பந்தயத்தை 2019 ஏப்ரலில் ஷாங்காயில் ஓடி முடித்தது. ஃபெராரி தன் ஆயிரமாவதை ஓடியது 2020 செப்டம்பரில், முஜெல்லோவில். நடுவில் உள்ள இடைவெளி, ஐயா வராமலேயே நடந்து முடிந்த பந்தயங்களின் கணக்கு.

ரெண்டாவது விஷயம் இன்னும் சுவாரஸ்யம். முதல் ரெண்டு வருஷமும் ஆல்ஃபா ரோமியோ டிரைவர்கள் சாம்பியன். 1951 முடிவில் ஆல்ஃபா மூட்டை கட்டிக்கொண்டது. மிஞ்சிய உருப்படியான கார் ஃபெராரி மட்டும். 'ஃபெராரிதான் எஃப்-1' என்கிற சித்தாந்தப்படி என்ன நடந்திருக்க வேண்டும்? திருவிழா இன்னும் களைகட்டியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது என்னவென்றால், பந்தயம் நடத்துகிறவர்கள் பயந்துபோனார்கள். எதிராளி இல்லாத ஓட்டத்தை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? 1952, 53 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன்ஷிப்பை ஃபார்முலா டூ கார்களுக்கு மாற்றிவிட்டார்கள். நாலு பேராவது வரட்டும் என்று ஒரு படி இறங்கினார்கள். (இறங்கியும் பிரயோஜனமில்லை. அஸ்காரி ரெண்டு வருஷமும் ஃபெராரியில் சாம்பியன். அது தனி சோகம்.)

ஃபெராரி இல்லாமல் பந்தயம் நடந்திருக்கிறது. ஃபெராரி மட்டும் இருந்தபோதுதான் பந்தயம் நடத்த முடியாமல் திண்டாடினார்கள்.

அடுத்தது மாப்பிள்ளை முறுக்கு. நம் வீட்டுக் கல்யாணங்களில் பார்த்திருப்பீர்கள். பாயசத்தில் முந்திரி கம்மி என்று மூத்த மாப்பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போவார். பஸ் ஏற மாட்டார். வாசலில் நின்று யாராவது கூப்பிட வருகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். என்ஸோ ஃபெராரி இந்தக் கலையில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

1964-ல் அவருக்குக் கோபம் எஃப்-1 மேல்கூட இல்லை. வேறொரு பந்தயத்துக்கான தன் கார் ஒன்றுக்கு அங்கீகாரம் வாங்கித் தரவில்லை என்று இத்தாலிய ஆட்டோமொபைல் கிளப் மேல் கோபம். இனிமேல் இத்தாலியின் சிவப்பு நிறத்தில் ஓட மாட்டேன் என்றார். கடைசி ரெண்டு பந்தயங்களில், அமெரிக்காவிலும் மெக்ஸிகோவிலும், ஃபெராரி கார்கள் நீலமும் வெள்ளையுமாக, ஒரு அமெரிக்க டீம் பெயரில் ஓடின. அந்த நீலக் காரில்தான் ஜான் சர்டீஸ் உலக சாம்பியன் ஆனார். சிவப்பு, சிவப்பு என்று உருகுகிறவர்கள் இந்த ஃபோட்டோவைத் தேடிப் பார்க்கலாம்.

1976 ஆகஸ்ட். நிக்கி லவுடா ஜெர்மனியில் தீயில் கருகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஜேம்ஸ் ஹன்ட்டுக்குச் சாதகமாக அதிகாரிகள் தீர்ப்புச் சொன்ன ஆத்திரமும் சேர்ந்துகொள்ள, ஃபெராரி ஆஸ்திரியப் பந்தயத்துக்கு வரவில்லை. பந்தயம் நின்றதா? ஜான் வாட்சன் ஜெயித்தார். ஜெயித்தால் தாடியை எடுப்பதாக டீம் முதலாளியிடம் பந்தயம் கட்டியிருந்தாராம், எடுத்தார். ரெண்டு வாரத்தில், ஹாலந்தில், சிவப்புக் கார் திரும்ப வந்து வரிசையில் நின்றது.

1986-ல் நடந்ததுதான் உச்சம். புது இன்ஜின் விதிகளில் எட்டு சிலிண்டருக்கு மேல் கூடாது என்கிற பேச்சு அடிபட்டது. என்ஸோவுக்குப் பன்னிரண்டு சிலிண்டர் வேண்டும். என்ன செய்தார்? அமெரிக்காவின் இண்டி கார் பந்தயத்துக்கென்றே ஒரு கார் தயாரித்துவிட்டார். 637 என்று பெயர். நிஜமான கார், டிராக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். 'இதோ பார், பெட்டி கட்டிவிட்டேன், அமெரிக்கா போகிறேன்' என்கிற மிரட்டலை உலோகத்தில் வார்த்துக் காட்டியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். பன்னிரண்டு சிலிண்டருக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கார் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை.

கிழவர் 1988-ல் காலமானார். பழக்கம் காலமாகவில்லை. 2009-ல் செலவுக்கு உச்சவரம்பு, நாலு கோடி பவுண்ட், என்று சர்வதேச சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. சொன்னதும் ஃபெராரி மறுபடி துண்டை உதறியது. பாரீஸ் கோர்ட்டுக்கே போனது. அங்கேதான் ஊருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. விதிகளை மாற்றினால் தடுத்து நிறுத்தும் வீட்டோ அதிகாரம் ஃபெராரிக்கு மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது! ஐ.நா.வில் ஐந்து நாடுகளுக்கு இருக்கிறதே, அந்த வீட்டோ. நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. விதியை நிறைவேற்றிய கூட்டத்தில் உங்கள் ஆளும்தானே உட்கார்ந்திருந்தார், அங்கேயே பயன்படுத்தியிருக்கலாமே என்கிற ரீதியில் திருப்பி அனுப்பியது. 2017-ல் சேர்மன் செர்ஜியோ மார்க்கியோனி, 2020-க்குப் பிறகு போனாலும் போவோம் என்றார். போகவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். பி.காம். படித்த புத்தி, அடுத்தபடியாகக் கணக்கு நோட்டைத்தான் தேடுகிறது.

டி.வி. உரிமை, பந்தயம் நடத்தும் ஊர்கள் கட்டும் கட்டணம், விளம்பரம் என்று எஃப்-1-க்கு வரும் பணத்தில் ஒரு பங்கை டீம்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நன்றாக ஓடியவனுக்கு அதிகம், பின்னால் வந்தவனுக்குக் கம்மி. நியாயம். ஆனால் ஃபெராரிக்கு மட்டும் இதற்கு மேல் ஒரு தனித்தொகை. ஜெயித்ததற்காக இல்லை. ரொம்ப வருஷமாக இருப்பதற்காக. கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை கொடுப்பார்களே, அந்த மாதிரி. இங்கே பரிவட்டத்தோடு பணமுடிப்பும் உண்டு. 2010-களின் நடுவில் அது வருஷத்துக்குச் சுமார் ஏழு கோடி டாலர் என்று மோட்டார் பத்திரிகைகள் கணக்குப் போட்டன. மற்ற சில பெரிய டீம்களுக்கும் விசேஷத் தொகைகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. வெறுமனே வயசுக்காகக் கிடைத்த தொகை ஃபெராரியுடையது.

2014-ஐப் பாருங்கள். மெர்சிடிஸ் சாம்பியன். ஃபெராரி நாலாவது, ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. அந்த வருஷத்து ஆட்டத்துக்கான பங்கு பிரித்தபோது, வெளியான கணக்குகளின்படி, சாம்பியனைவிட நாலாவது ஆளுக்கு அதிகம். அதே 2014-ன் கடைசி மாதங்களில் மருஸ்ஸியா, கேட்டர்ஹாம் என்று ரெண்டு குட்டி டீம்கள் திவாலாகி, அமெரிக்கப் பந்தயத்துக்கு வரவே முடியவில்லை. மருஸ்ஸியா அந்த வருஷம் மொனாக்கோவில் ஒன்பதாவதாக வந்து தன் முதல் பாயின்ட்டுகளை வாங்கிய டீம். ஓட்டியது ஜூல்ஸ் பியான்கி. அக்டோபரில் சுஸுகாவில் அவருக்கு நேர்ந்த விபத்தும், மறு வருஷம் அவர் இறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த மருஸ்ஸியா, ஃபெராரியிடம் இன்ஜின் வாங்கி ஓட்டிய டீம். மூடும்போது யார் யாருக்குப் பாக்கி என்று பட்டியல் போட்டார்கள். அதில் ஃபெராரிக்குத் தர வேண்டியது ஒரு பெரிய தொகை.

மறு வருஷம், 2015-ல், சின்ன டீம்களுக்கு விற்கும் இன்ஜினுக்கு அதிகபட்ச விலை நிர்ணயிக்கலாம் என்று எஃப்.ஐ.ஏ. யோசனை கொண்டுவந்தது. ஃபெராரி வீட்டோவை எடுத்து வீசியது. யோசனை செத்தது.

சாம்பார் வசனத்தை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். 'நீ இல்லாவிட்டால் விருந்தே இல்லை' என்று மூத்த மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே இருந்தால், கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலையில் ஒன்றும் விழாது.

2021 முதல் அமலான புது ஒப்பந்தத்தில் தனித்தொகையைக் குறைத்தார்கள், செலவுக்கு உச்சவரம்பும் வந்தது. நல்ல காரியம். ஆனால் பரிவட்டம் போகவில்லை. வீட்டோவும் போகவில்லை. எஃப்.ஐ.ஏ. என்றால் 'ஃபெராரி இன்டர்நேஷனல் அசிஸ்டன்ஸ்' என்று ரசிகர்கள் கிண்டல் செய்வது வழக்கம். 2019-ல் ஃபெராரியின் இன்ஜின் மேல் சந்தேகம் கிளம்பியபோது எஃப்.ஐ.ஏ. விசாரித்தது. 2020 பிப்ரவரியில், சமரசம் ஆகிவிட்டது, விவரம் ரகசியம் என்று ஒரு அறிக்கை விட்டது. ஏழு டீம்கள் சேர்ந்து ஆட்சேபித்தன. ரகசியம் ரகசியமாகவே இருக்கிறது. அந்தக் கிண்டலை இனி எப்படி நிறுத்துவது?

சரி, எதிர்க்கட்சிக்கும் மைக் கொடுப்போம்.

ஃபெராரி போனால் ரசிகர் கூட்டம் போய்விடும் என்கிறார்கள். அவர்களிடம் ஒரு தேதியைச் சொல்கிறேன். 2005 ஜூன் 19, இண்டியனாபொலிஸ்.

அன்று என்ன நடந்தது என்றால், மிஷெலின் டயர் போட்ட கார்களுக்கு அந்த டிராக்கின் சரிவான கடைசி வளைவில் டயர் தாங்காது என்று தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கர் அங்கே மோதியிருந்தார். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வைக்கலாம் என்றார்கள். பத்து டீம்களில் ஒன்பது சரி என்றன. ஃபெராரி சேரவில்லை. எஃப்.ஐ.ஏ.வும் முடியாது என்றது. (தப்பு ஃபெராரியுடையது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நன்றாகத்தான் இருந்தது.) பந்தயத்துக்கு முந்தைய சம்பிரதாயச் சுற்று முடிந்ததும் இருபதில் பதினாலு கார்கள் வரிசைக்கு வராமல் ஷெட்டுக்குப் போய்விட்டன. மிஞ்சியது ஆறு. ரெண்டு ஃபெராரி, ரெண்டு ஜோர்டான், ரெண்டு மினார்டி.

யோசித்துப் பாருங்கள். ஃபெராரி முழுசாக இருக்கிறது. மைக்கேல் ஷூமாக்கர் இருக்கிறார், ஏழு முறை சாம்பியன். சிவப்பு இருக்கிறது, குதிரைச் சின்னம் இருக்கிறது. 'எஃப்-1 என்றால் ஃபெராரி' என்பது நிஜமானால் ஜனங்கள் கொண்டாடியிருக்க வேண்டும். லட்சம் பேர் அளவுக்கு இருந்த கூட்டம் கூச்சலிட்டது. பாட்டில்கள் டிராக்கில் வந்து விழுந்தன. பாதியில் எழுந்து போனார்கள். மிஷெலின் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. ஷூமாக்கர் முதலாவது, பாரிக்கெல்லோ ரெண்டாவது. அந்த வருஷம் முழுக்க ஃபெராரிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். மேடையில் அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இண்டியனாபொலிஸ் 2007-க்குப் பிறகு எஃப்-1-ஐக் கைகழுவியது. 2012-ல் ஆஸ்டின் வரும்வரை அமெரிக்காவில் பந்தயமே இல்லை.

அன்று நாலாவதாக வந்தவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஜோர்டான் கார். ஐந்து பாயின்ட். எஃப்-1-ல் பாயின்ட் வாங்கிய முதல் இந்தியர். ஆறு பேர் ஓடியதில் நாலாவதுதானே என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு ஜோர்டானும் மினார்டியும் கிளம்பியிருக்காவிட்டால் ரெண்டே ரெண்டு சிவப்புக் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்வலம் போயிருக்கும். அந்த நாளைக்குப் பேருக்காவது 'ரேஸ்' என்ற பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது இந்த நாலு ஏழைக் கார்கள்தான். அவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? ஜோர்டான் என்ற பெயரும் மினார்டி என்ற பெயரும் அந்த வருஷத்தோடு வரிசையிலிருந்து அழிந்தன. ரெண்டும் கைமாறி வேறு பெயர் பூசிக்கொண்டன. நீண்ட நாள் இருந்ததற்கான படி, 1985-லிருந்து கடைசி வரிசையில் ஓடிய மினார்டிக்குக் கிடையாது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1982-ல் இமோலாவில் பிரிட்டிஷ் டீம்கள் பெரும்பாலும் புறக்கணிப்புச் செய்து பதினாலே கார்கள் ஓடின. அங்கே கூட்டம் கொண்டாடியது, ஃபெராரிகள்தான் முதல் ரெண்டு இடம். ஆனால் அது இத்தாலி. அந்த டிராக்கின் பெயரிலேயே ஃபெராரி உண்டு. சொந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு எப்போதும் மரியாதைதான்.

ஃபெராரி தோற்றால் ஆட்டம் படுத்துவிடுமா? 1991, 92, 93 மூன்று வருஷமும் ஃபெராரி ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. அந்த நாட்களில் ஜனங்கள் சென்னாவைப் பார்த்தார்கள், மான்செலைப் பார்த்தார்கள், ப்ராஸ்ட்டைப் பார்த்தார்கள். 2020, 21-லும் ஃபெராரிக்கு வெற்றி இல்லை. 2021-ல்தான் ஹாமில்டனும் வெர்ஸ்டப்பனும் கடைசிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றுவரை மோதி உலகத்தையே டி.வி. முன்னால் உட்கார வைத்தார்கள். அந்த வருஷம் எஃப்-1 நடத்திய உலகளாவிய ரசிகர் கருத்துக்கணிப்பில் பிடித்த டீம் என்று முதலிடம் வந்தது மெக்லாரன். நெட்ஃப்ளிக்ஸில் 'டிரைவ் டு சர்வைவ்' பார்த்துவிட்டு ரேஸ் பைத்தியம் ஆனவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். 2019-ல் வந்த அதன் முதல் சீசனுக்கு ஃபெராரி ஒத்துழைக்கவே இல்லை. கடைசி வரிசை டீமின் மேனேஜர் கெட்ட வார்த்தையில் புலம்புவதைக் காட்டியே அமெரிக்காவைப் பிடித்துவிட்டார்கள்!

மாறாக, ஃபெராரி அடித்து நொறுக்கியபோது என்ன ஆயிற்று? 2002-ல் பதினேழில் பதினைந்து வெற்றி. ஜூலையிலேயே ஷூமாக்கருக்குப் பட்டம் முடிவாகிவிட்டது. ஆஸ்திரியாவில் முன்னால் போன பாரிக்கெல்லோவை நிறுத்தி ஷூமாக்கருக்கு வழிவிடச் சொன்னார்கள், மேடையில் ஊளைச் சத்தம். 2003-க்குப் பாயின்ட் முறையையே மாற்றினார்கள், பட்டம் கொஞ்சம் லேட்டாக முடிவாகட்டும் என்று.

ஒரே ஒரு வாதம் கனமானது. ஃபெராரி தனக்கு மட்டும் ஓடுவதில்லை, மற்றவர்களுக்கும் இன்ஜின் கொடுக்கிறது. அது திடீரென்று போனால் வாடிக்கை டீம்கள் தவிக்கும். உண்மை. ஆனால் ஹோண்டா போனது, பி.எம்.டபிள்யூ. போனது, டொயோட்டா போனது. ஏழு டீம் பட்டம் வாங்கிய லோட்டஸ் 1994 சீசனோடு இழுத்து மூடப்பட்டது. பிரபாம் போனது, டிரெல் போனது. ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டார்கள், பல்லைக் கடித்தார்கள், அடுத்த மார்ச்சில் வரிசை கட்டி நின்றார்கள்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். எஃப்-1 இல்லாமல் ஃபெராரி?

ஃபெராரி கார் விளம்பரம் டி.வி.யில் வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரம் உலகமே அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது தனியாக விளம்பரம் எதற்கு? 2015 அக்டோபரில் ஃபெராரி நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது. பங்கு விற்கிற கம்பெனி, முதலீட்டாளர்களிடம் தன் ஆபத்துகளை மறைக்காமல் எழுதியாக வேண்டும், சட்டம். ஃபெராரியும் எழுதுகிறது. எங்கள் பிராண்டின் மவுசு எங்கள் ஃபார்முலா ஒன் டீமின் வெற்றியைச் சார்ந்திருக்கிறது, அங்கே சறுக்கினால் கார் விற்பனையும் பாதிக்கப்படலாம் என்கிற பொருளில், ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. வாசலில் துண்டை உதறுகிற மாப்பிள்ளை, வக்கீல் முன்னால் உட்கார்ந்து, மாமனார் வீட்டுச் சாப்பாட்டை நம்பித்தான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

2021-லிருந்து எஃப்-1-க்குத் தலைமை அதிகாரியாக வந்தவர் ஸ்டெஃபனோ டொமெனிகாலி, ஒரு காலத்தில் ஃபெராரி டீமின் தலைவராக இருந்தவர். அவருக்குத் தெரியாததா? அடுத்த ஒப்பந்தம் பேச உட்காரும்போது அந்த ஆண்டறிக்கையின் ஒரு பிரதியை மேஜை மேல் வைத்துக்கொண்டு, வீட்டோவும் கிடையாது, வயசுப் படியும் கிடையாது, இஷ்டமிருந்தால் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிப் பார்க்கட்டும். அதிகபட்சம் என்ன ஆகும்? மரனெல்லோவில் இன்னொரு 637 தயாரிப்பார்கள்.